யேலின் பாட்டி

நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் தியோபிலஸ் ஈட்டனைப் பற்றி 1702இல் எழுதிய காட்டன் மேதர், ஈட்டன் மறுதாரமாக மணந்த விதவை செஸ்டர் பிஷப்பின் மகள் என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவைத்தார். எந்த பிஷப் என்று சொல்லவில்லை. பின்னால் வந்த ஆசிரியர்கள் சிலர், செஸ்டர் பிஷப்புகளின் வரிசையில் கண்ணில் பட்ட பெரிய பெயரை எடுத்து அங்கே ஒட்டினார்கள்: தாமஸ் மார்ட்டன். 1616இல் பதவிக்கு வந்தவர், இறையியல் வாதங்களில் பேரெடுத்தவர். அந்த நூல்களில் ஆன் ஈட்டன் மார்ட்டனின் மகளாகவே உலவினார். மார்ட்டன் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஆனின் உண்மையான தகப்பனார், மார்ட்டனுக்கு முன் அதே பதவியில் இருந்து 1615இல் காலமான ஜார்ஜ் லாயிட். ஆனின் முதல் கணவர் விஷயத்திலும் இதே குளறுபடி. அவர் பெயர் தாமஸ் யேல். பழைய நூல்கள் சில டேவிட் யேல் என்று எழுதின. டேவிட் என்பது மாமனாரின் பெயர், மூத்த மகனின் பெயரும் அதுவே. நடுவில் இருந்த தாமஸ் நழுவிப் போனார். ஆக, ஆன் ஈட்டன் இல்லாத அப்பாவுக்கு மகளாகவும், தவறான ஆளுக்கு விதவையாகவும் பல காலம் அச்சில் இருந்தார். பிறகு உயில்களும் சபைப் பதிவேடுகளும் தேவாலயக் கணக்குகளும் ஒப்பிடப்பட்ட பின்தான் அவர் தன் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பினார்.

இந்த ஆன்தான், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவருமான எலிஹு யேலின் தகப்பனைப் பெற்ற பாட்டி. இந்தக் கொடிவழியை எழுதியவர்கள் பெரும்பாலும் பேரனிலிருந்து தொடங்கி, பாட்டியைத் தாண்டி, வேல்ஸ் நாட்டு ஆண்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் நிற்கும் இந்த அம்மாளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நெருக்கமான சாட்சியம் எந்தக் குடும்ப மரத்திலும் இல்லை; அவரைக் கேள்வி கேட்ட திருச்சபையின் குற்றப்பட்டியலில்தான் இருக்கிறது. காலனி அமெரிக்கப் பெண்களின் வம்சாவளி என்ற துறை முழுவதற்கும் இந்த விசித்திரம் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆன் ஈட்டனை வைத்து அதைப் பார்க்கலாம்.

முதலில் பிறந்த வீடு. ஜார்ஜ் லாயிட் வேல்ஸைச் சேர்ந்தவர். ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவின் பிஷப்பாக இருந்துவிட்டு 1605இல் செஸ்டருக்கு வந்தார். செஸ்டரின் வாட்டர்கேட் தெருவில் அவர் பெயரால் வழங்கும் வீடு இன்றும் நிற்கிறது. முகப்பு முழுக்க மரச்செதுக்கல்: வேதாகமக் காட்சிகள், நடுவே முதலாம் ஜேம்ஸ் மன்னரின் மரபுச்சின்னம். மேன் தீவின் மூன்று கால் சின்னமும் உண்டு. பிஷப் வீட்டுப் பெண் என்றால் அன்றைய இங்கிலாந்தில் அந்தஸ்தும் படிப்பும் ஒருசேரக் கிடைக்கும் இடம். பிஷப்புகளே வேண்டாம் என்று கடல் கடந்து போன ஒரு கூட்டத்தின் தலைவருக்கு இவர் பின்னாளில் மனைவியானார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புகுந்த வீடு யேல் குடும்பம். வேல்ஸில் பழைய வழக்கம், தகப்பன் பெயரையே அடையாளமாகச் சேர்த்துச் சொல்வது. நம் ஊர் இனிஷியல் போல. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய முறைப்படி மாறாத குடும்பப் பெயர் வைத்துக்கொண்டபோது, டென்பிஷயரில் தாங்கள் நிலம் வைத்திருந்த இயால் என்ற பகுதியின் பெயரை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வாயில் அது யேல் ஆயிற்று. சட்டம் படித்த குடும்பம். கேன்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கரின் சட்ட அதிகாரியாக ஒரு யேல் இருந்தார். செஸ்டர் மறைமாவட்டத்தின் சட்ட அதிகாரியாக இன்னொருவர். அவரே ஆனின் மாமனார் டாக்டர் டேவிட் யேல். பிஷப்பின் மகள் பிஷப் நீதிமன்ற அதிகாரியின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே அலுவலக வட்டத்துச் சம்பந்தம்.

யேல் குடும்பத்துக்கு இதைவிட மினுக்கான கதை ஒன்று உண்டு. 1400இல் ஆங்கிலேய மன்னருக்கு எதிராக வேல்ஸில் கலகக்கொடி தூக்கிய ஓவைன் கிளின்டுரின் தம்பி டுடுர், 1405இல் போரில் இறந்தவர். அவருடைய மகள் வழியாக யேல்கள் தங்கள் வம்சத்தைப் பழைய வேல்ஸ் இளவரசர்களுடன் இணைக்கிறார்கள். வேல்ஸ் கொடிவழிப் பாவலர்களின் ஏடுகள் கவனமாக எழுதப்பட்டவை என்பதால் இந்தத் தொடர்பை அறிஞர்கள் ஏற்கிறார்கள். கவனிக்க வேண்டியது: இந்த அரச இரத்தம் தாமஸ் யேலுடையது. ஆனுக்கு அதில் பங்கில்லை. அவர் பெற்ற யேல் பிள்ளைகளுக்கு உண்டு, ஈட்டன் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூன்று பேர் இளவரசர் பரம்பரை, மற்றவர்கள் தகப்பன் வழியில் ஒரு போதகர் (விகார்) வீட்டுப் பேரன் பேத்திகள். அமெரிக்க வம்சாவளி நூல்கள் முதல் கூட்டத்தை வரி விடாமல் எழுதிவிட்டு இரண்டாம் கூட்டத்தை அடிக்குறிப்புக்கு அனுப்பியதற்கு இது ஒரு காரணம்.

1619இல் தாமஸ் யேல் இறந்தார். ஆன், டேவிட், தாமஸ் என்று மூன்று சின்னப் பிள்ளைகளோடு நின்ற விதவை, 1625 வாக்கில் லண்டன் வணிகர் தியோபிலஸ் ஈட்டனை மணந்தார். ஈட்டனும் முதல் மனைவியை இழந்தவர். அவருக்கு மேரி என்ற மகள் இருந்தாள். பால்டிக் கடல் வணிகத்தில் பெரிய கை. அவர் வழிபட்ட கோல்மன் தெரு தேவாலயத்தில் போதகர் ஜான் டேவன்போர்ட். ஈட்டனும் டேவன்போர்ட்டும் கவென்ட்ரி ஊரில் சிறு வயதிலிருந்தே சிநேகிதர்கள். 1637இல் இரண்டு பேரும் தங்கள் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு ஹெக்டர் என்ற கப்பலில் பாஸ்டன் வந்து இறங்கினார்கள்.

அவர்கள் வந்த நேரம் பாஸ்டன் கொதித்துக்கொண்டிருந்தது. ஆன் ஹட்சின்சன் என்ற பெண்மணி வீட்டில் கூட்டம் போட்டுப் போதகர்களின் பிரசங்கத்தை அலசுகிறார் என்று புகார். 1637 நவம்பரில் நீதிமன்ற விசாரணை. 1638 மார்ச் 22இல் சபைவிலக்கம். சபை விசாரணையில் டேவன்போர்ட்டும் இருந்து வாதாடினார். எட்டு நாள் கழித்து, மார்ச் 30இல், ஈட்டன் கூட்டம் புதிய ஊர் கட்டப் பாஸ்டனிலிருந்து கப்பலேறியது. ஒரு பெண் திருச்சபையோடு முரண்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆன் ஈட்டன் அன்றே, அதே ஊரில், சாட்சியாக இருந்திருக்கிறார்.

நியூ ஹேவன் கண்டிப்பான ஊர். சபை உறுப்பினர்களுக்கு மட்டுமே வாக்குரிமை. ஈட்டன் ஆண்டுதோறும் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். ஊரிலேயே பெரிய வீடு அவருடையது. அதற்குள் யார் யார்? ஈட்டனின் வயதான தாயார், மூத்தாள் மகள் மேரி, ஆனின் யேல் பிள்ளைகள், ஈட்டனுக்கும் ஆனுக்கும் பிறந்த பிள்ளைகள், வேலைக்காரிகள், ஆந்தணி என்று பதிவேடு பெயரிட்டுச் சொல்லும் ஒரு கறுப்பினப் பணியாள். ஆளுநர் மனைவி என்றால் ஊரில் முதல் பெண்மணி. வீட்டுக்குள்ளோ மாமியார் உட்கார்ந்திருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து, 1647இல், கூட்டமண்டபத்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஊர் எழுதிவைத்த பட்டியலில் பெண்கள் பக்கத்து முதல் இருக்கை மாமியாருக்குத்தான் ஒதுக்கப்பட்டது.

இனி வழக்கு. ஆன் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் முடிந்ததும், திருவிருந்துக்கும் குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கும் இருக்காமல் எழுந்து வெளியே போகத் தொடங்கினார். ஊர் முழுக்கப் பார்த்தது. காரணம் ஒரு புத்தகம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வீண் என்று வாதிட்டு 1642இல் லண்டனில் வெளியான நூல் அது. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் இரண்டு எழுத்துகள். அதை டெபோரா மூடி சீமாட்டியிடம் இரவல் வாங்கினார் ஆன். (இந்த மூடி அம்மாளும் இதே கருத்துக்காக மாசசூசெட்ஸை விட்டு வெளியேற நேர்ந்தவர். 1645இல் டச்சுக்காரர்களிடம் பட்டயம் பெற்று, இன்றைய புரூக்ளினில் கிரேவ்சென்ட் என்ற ஊரையே நிறுவினார். தனிக் கட்டுரைக்கு உரியவர்.) புத்தகத்தைக் கணவரிடமோ போதகரிடமோ காட்டாமல் ரகசியமாகப் படித்தார் என்பது சபையின் முதல் மனத்தாங்கல். டேவன்போர்ட் அந்த நூலை வரிவரியாக மறுத்துப் பிரசங்கம் செய்தார், எழுதியும் கொடுத்தார். ஆன் அசையவில்லை.

கொள்கைத் தகராறு முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் நடந்தவை வெளியே வந்தன. வேலைக்காரிகளும் குடும்பத்தாரும் சாட்சி சொன்னார்கள். பத்துக் கட்டளைகளின் அடிப்படையில் 17 குற்றச்சாட்டுகள் தொகுக்கப்பட்டன. அவற்றில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சாப்பாட்டு மேசை. ஈட்டன், அவருடைய தாயார், ஆன் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆன் புறங்கையால் மாமியாரின் முகத்தில் இரண்டு முறை அறைகிறார். மூன்று நாள் வலித்தது என்கிறார் மாமியார். பக்கத்திலிருந்த ஆளுநர் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறார். பிடிபட்ட நிலையில் ஆன் தன் துயரத்தைச் சொல்லி ஓலமிடுகிறார். இன்னொரு குற்றச்சாட்டு மேரியைப் பற்றியது: சித்தி அவளைக் கன்றிப்போகுமளவு கிள்ளினார், தலையைப் பிடித்து இடித்ததில் மூக்கில் இரத்தம் வந்தது. 1644இல் சபை அவரைக் கண்டித்தது. அவர் மனம் வருந்தி ஒப்புக்கொள்ளவில்லை என்று 1645 மே மாதத்தில் விலக்கிவைத்தது.

இந்த ஆவணத்தை 1894இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் அதே சபையின் அன்றைய போதகர் நியூமன் ஸ்மித். இரண்டரை நூற்றாண்டு கழித்துத் தன் முன்னோடி நடத்திய விசாரணையைத் தானே வெளியிட்ட நேர்மை அவருக்கு உண்டு. 1934இல் இசபெல் கால்டர் எழுதிய நியூ ஹேவன் வரலாற்றில் ஆனின் கதை குடியேற்றத்தின் அரசியலோடு சேர்ந்து வருகிறது. 1985இல் லிலியன் ஹாண்ட்லின் எழுதிய கட்டுரை, எல்லாரும் எல்லாரையும் அறிந்த சின்ன ஊரில் ஒருவர் மாறுபட்டால் நேர்வது என்ன என்ற கோணத்தில் அதைப் பார்த்தது. 1996இல் மேரி பெத் நார்ட்டன், குடும்பத்தையும் அரசாட்சியையும் ஒரே அச்சில் வார்த்த அந்தச் சமூகத்தில் உயர்குடிப் பெண்ணின் இடம் எவ்வளவு சிக்கலானது என்று காட்டும் பெரிய நூலில் இவருக்கு நிறைய இடம் கொடுத்தார்.

ஆக, கிளர்ச்சிக்காரி என்ற படம் ஒரு பக்கம், புத்தி பேதலித்தவள் என்ற பழைய படம் மறுபக்கம். எனக்கு இரண்டும் உவப்பில்லை. வீட்டுக் குற்றங்கள் கொள்கைத் தகராறு முற்றிய பிறகே திரட்டப்பட்டன என்பது உண்மை. அதில் சபையின் உள்நோக்கம் தெரிகிறது. ஆனால் அடிபட்ட மேரியும் வேலைக்காரிகளும் மனிதர்கள்தானே. அவர்களுடைய வாயிலிருந்து வந்த சொல்லை, ஆனுக்கு எதிராகப் பயன்பட்டது என்பதற்காகவே தள்ளிவிட்டால், ஒரு பெண்ணைத் தூக்கி நிறுத்த இன்னும் நாலு பெண்களைக் கீழே போடுகிறோம். துணையை இழந்த இருவரின் வீடுகளை ஒட்டவைத்து, மேலே ஒரு மாமியாரையும் வைத்து, தப்பிக்க வழியில்லாத ஒரு குடியேற்றத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவை நான் பார்த்ததில்லை. எந்த வம்சாவளிச் சட்டகத்திலும் மாமியார் மருமகளுக்கு இடையே கோடு கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கோடு இல்லாமல் ஈட்டன் குடும்பம் புரியாது.

அதே 1645 ஏப்ரலில் இன்னொரு ஆனைப் பற்றி மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ராப் தம் நாட்குறிப்பில் எழுதினார். இவர் ஆன் ஈட்டனின் மூத்த மகள் ஆன் யேல். கனெக்டிகட் ஆளுநராக இருந்த எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. படிப்பிலும் எழுத்திலும் முழுக்க மூழ்கிப் பல புத்தகங்கள் எழுதியதால் இந்த இளம்பெண்ணின் அறிவு கலங்கிவிட்டது, வீட்டு வேலையோடு நின்றிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்பது வின்த்ராப்பின் தீர்ப்பு. அமெரிக்கப் பெண் எழுத்தின் வரலாற்றைப் பேசுவோர் இந்தப் பதிவை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவர்களில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை: இது எழுதப்பட்டு ஐந்தாறு வாரத்தில் இவருடைய தாயார், புத்தகம் படித்துக் கெட்டவர் என்று, சபையைவிட்டு விலக்கப்பட்டார். குடும்பத்தில் பரம்பரையாக வரும் மனநோய் என்று சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். பரம்பரையாக வந்தது படிப்பு என்றும் சொல்லலாம். மகள் எழுதிய புத்தகங்களில் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை.

1657இல் லண்டனில் இறந்த ஹாப்கின்ஸ், மனைவியைப் பராமரிக்க ஆண்டுக்கு 150 பவுண்டு என்று உயிலில் எழுதி, அந்தப் பொறுப்பை மைத்துனர் டேவிட் யேலிடம் விட்டார். ஆன் ஹாப்கின்ஸ் 1698 வரை இருந்தார். அவர் இறந்த பிறகே வழங்க வேண்டும் என்று உயிலில் நிறுத்திவைத்திருந்த 500 பவுண்டு கடைசியில் ஹார்வர்டின் பக்கம் போயிற்று. அதைக் கொண்டு வாங்கிய நிலத்தில் எழுந்த ஊர்தான் மாசசூசெட்ஸின் ஹாப்கின்டன். நியூ ஹேவனின் ஹாப்கின்ஸ் பள்ளியும் அந்த உயிலால் வந்தது. கணவர் பெயரில் ஊரும் பள்ளியும்.

டேவிட் யேலுக்கு வருவோம். அம்மாவுக்கு நேர்ந்ததால் மகன் அமெரிக்காவை வெறுத்து இங்கிலாந்து திரும்பினார், அதனால்தான் எலிஹு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தார் என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது. ஆதாரம் அதைவிட நேரடியான ஒன்றைக் காட்டுகிறது. 1646இல் டாக்டர் ராபர்ட் சைல்டும் வேறு சிலரும், சபை உறுப்பினரல்லாதவருக்கும் உரிமை வேண்டும் என்று மாசசூசெட்ஸ் ஆட்சிக்கு மனுக் கொடுத்தார்கள். கையெழுத்திட்டவர்களில் டேவிட் யேலும் ஒருவர், அபராதம் விதிக்கப்பட்டார். மாற்றுக்கருத்துக்கு இடமில்லாத ஊரில் அவருக்குச் சொந்தமாகவே தகராறு இருந்தது. அம்மாவின் கதி அந்த மனுவுக்குப் பின்னால் இருந்திருக்கலாம். ஆனால் மகனை வெறும் அம்மா பிள்ளையாக்க வேண்டியதில்லை. 1649 ஏப்ரல் 5ஆம் தேதி பாஸ்டனில் எலிஹு பிறந்தான். மூன்று வயது வாக்கில் குடும்பம் இங்கிலாந்து போயிற்று. எலிஹு அமெரிக்க மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை.

ஈட்டன் 1658 ஜனவரியில் இறந்ததும் ஆனும் ஊர் திரும்பினார். இங்கிலாந்து போக வேண்டும் என்பது அவருடைய நாள்பட்ட ஏக்கம். நீ போகலாம், நான் இங்கேயே சாவேன் என்கிற விதமாகக் கணவர் சொன்னதாக மேதர் பதிவு செய்கிறார். லண்டனில் 1659இல் ஆன் காலமானபோது பேரன் எலிஹுவுக்குப் பத்து வயது.

அந்தப் பேரன் 1672இல் கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்து 1687இல் ஆளுநரானார். 1680 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்ட கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அவருடையது: நவம்பர் 4, மணமகள் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேதரின். பாட்டியைப் போலவே பேரன் வீட்டிலும் விதவைத் திருமணம், முதல் கணவரின் பிள்ளைகள். எலிஹுவுக்கும் கேதரினுக்கும் பிறந்த ஒரே மகனுக்கு டேவிட் என்று பெயர் வைத்தார்கள். தாத்தாவுக்கு அப்பா டேவிட், அப்பா டேவிட், மகனும் டேவிட். குழந்தை 1688இல் இறந்தான். ஹின்மர்ஸோடு சேர்த்து அவனுக்கு எழுப்பிய கூரான கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அதை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி 2023இல் உத்தரவே பிறந்தது. மகன் இறந்த இரண்டு ஆண்டில் கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்தில் மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கினார் எலிஹு. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் ஒப்பந்தத்தில் சேர்த்தி. அவை குண்டு கிராமங்கள் என்றே பெயர் பெற்றன. கோட்டைக்கு வைத்த பெயர் செயின்ட் டேவிட். வேல்ஸின் காவல் புனிதர் அவர். மகனின் பெயரும் அதுதான் என்பதால் இரண்டு விளக்கமும் சொல்வார்கள். மூன்றாவதாக அப்பா பெயர் என்று சொன்னாலும் யாரும் மறுக்க முடியாது.

மிஞ்சியவர்கள் கேதரின், ஆன், உர்சுலா என்ற மூன்று பெண்கள். ஆகவே எலிஹுவின் ஆண்வழி அவரோடு முடிந்தது. இன்று அமெரிக்காவில் யேல் என்ற குடும்பப் பெயரோடு இருப்பவர்கள் அவருடைய சந்ததியார் அல்லர். அவர்களில் பெரும்பாலோர் கனெக்டிகட்டிலேயே தங்கிவிட்ட சித்தப்பா தாமஸ் யேலின் வழியினர். நம் வீட்டுக் கதவுகளில் யேல் பூட்டாக வந்து சேர்ந்த லைனஸ் யேலும் அந்த வழிதான். 1908இல் ராட்னி ஹோரஸ் யேல் இந்தப் பரம்பரையைத் தடித்த நூலாகத் தொகுத்தார். உழைப்பாளி, வேல்ஸ் வரலாற்றையே சேர்த்து எழுதிவிட்டார். ஆனால் பெயர் மாறும் இடத்தில், அதாவது மகள் கல்யாணமாகிப் போகும் இடத்தில், அந்த மரத்தின் கிளைகள் வெட்டுப்படுகின்றன. அந்தக் காலத்துக் குடும்ப நூல்கள் எல்லாம் அப்படித்தான்.

தாயிடமிருந்து மகளுக்கு என்று மட்டும் பின்பற்றினால் ஆனின் கதை வேறு வீட்டுக்குப் போகிறது. மூத்த மகள் ஹாப்கின்ஸுக்குப் பிள்ளை இல்லை. ஈட்டனுக்குப் பெற்ற ஹன்னா, தாயாரோடு லண்டன் போய் 1659இல் வில்லியம் ஜோன்ஸை மணந்து, அடுத்த ஆண்டு கணவரோடு நியூ ஹேவன் திரும்பித் தகப்பன் சொத்தை ஏற்றார். முதலாம் சார்லஸின் மரண உத்தரவில் கையெழுத்திட்டுவிட்டு உயிருக்குத் தப்பி ஓடிவந்த வாலி, காஃப் இருவரும் 1661இல் ஒளிந்த வீடுகளில் ஜோன்ஸ் வீடும் ஒன்று. அதனாலோ என்னவோ, ஜோன்ஸும் அதே உத்தரவில் கையெழுத்திட்டுத் தலை இழந்த கர்னல் ஜான் ஜோன்ஸின் மகன் என்று ஒரு கதை முளைத்து நூல்களில் வேரூன்றியது. ஜோன்ஸ் என்பது வேல்ஸில் எவ்வளவு சாதாரணப் பெயர் என்று தெரிந்தவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். ஈட்டனின் கல்லறைக் கல்லில், மகளும் மருமகனும் இரு பக்கமும் வந்து படுத்ததைச் சொல்லும் வரிகள் உண்டு. ஆனுக்கு அங்கே இடமில்லை. அவர் லண்டனில் அடங்கினார்.

இத்தகைய கதைகளைச் சல்லடை போட்டது 20ஆம் நூற்றாண்டு. அதற்கு முன்பே 1845இல் பாஸ்டனில் வம்சாவளி ஆய்வுக் கழகம் ஒன்று தோன்றியிருந்தது. 1890களில் புரட்சிப் புதல்வியர், மேஃப்ளவர் சந்ததியார் என்றெல்லாம் சங்கங்கள் கிளம்பி, உறுப்பினராக வம்சச் சான்று கேட்டதும் பொய் மரங்களுக்குச் சந்தை உருவாயிற்று. கஸ்டாவ் அன்ஷூ என்ற பேர்வழி, பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் இல்லாத உயில்களை இட்டுக்கட்டி அரச வம்சம் செய்துகொடுத்தார். அவருடைய சரக்கு இன்னும் ஒழிந்தபாடில்லை. இதற்கு மாற்றாக நியூ ஹேவனிலேயே டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ், 1922 முதல் தம் ஊரின் பழைய குடும்பங்களை மூல ஆவணத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொகுத்தார். மகள்களையும் அவர்கள் போன வீடுகளையும் சேர்த்துக் கொடுத்ததால் பெண்வழியைத் தேடுவோருக்கு இன்றும் முதல் துணை அவருடைய தொகுதிகளே. 1988இல் ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் தொடங்கிய பெருங்குடியேற்ற ஆய்வுத் திட்டம், 1640க்கு முன் வந்தவர்களுக்கு அதே கண்டிப்பை விரித்தது.

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் அப்பால் நிற்பவர் ஆந்தணி. ஈட்டன் வீட்டுச் சாட்சியங்களில் அவருக்கு ஒற்றைப் பெயர் மட்டும் உண்டு. தாயும் தந்தையும் இல்லை, பின்வழியும் இல்லை. வெள்ளையர் வீட்டில் பிள்ளை தகப்பன் பெயரைச் சுமந்தது. தாயின் பிறந்த வீடு இரண்டு தலைமுறையில் மறந்துபோகும், பிஷப் வீடாக இருந்தாலும். அடிமைப் பெண்ணின் பிள்ளைக்கு மட்டும் சட்டம் தாய்வழியைக் கணக்கில் எடுத்தது. வர்ஜினியாவில் எலிசபெத் கீ என்ற பெண், தன் தகப்பன் ஆங்கிலேயன் என்று நிரூபித்து 1650களில் விடுதலை பெற்றார். அப்படி இன்னொருவர் வந்துவிடாதிருக்க 1662இல் சட்டம் திருத்தப்பட்டது: பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. காலனி அமெரிக்காவில் தாய்வழி என்பது எழுத்தில் உறுதிப்பட்ட இடம் சொத்துக் கணக்கு. எலிஹு ஆளுநராக இருந்த காலத்தில் சென்னைத் துறையிலிருந்தும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டதைக் கம்பெனி ஆவணங்களே சொல்கின்றன. அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024இல் மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பெயர் வந்த விதமும் குடும்பக் கதைதான். 1718இல் கனெக்டிகட்டின் சிறிய கல்லூரி ஒன்று கட்டடத்துக்குப் பணமின்றித் தவித்தது. மேதர், எலிஹுவுக்குக் கடிதம் எழுதி, கல்லூரிக்கு உங்கள் பெயரையே வைக்கலாம் என்று ஆசைகாட்டினார்; ஆண் வாரிசில்லாத முதியவருக்கு அந்தக் கணக்கு புரிந்திருக்கும். ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகம், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று வந்தன. மஸ்லின், காலிக்கோ போன்ற துணிகள் இருந்த பொதிகளை விற்று 562 பவுண்டு கிடைத்தது. செப்டம்பரில் நியூ ஹேவனில் நடந்த விழாவில் கல்லூரிக்கு யேல் என்று பெயரிட்டார்கள். கொடையாளிக்கு நன்றி சொல்லி லத்தீனில் உரையாற்றியவர் அறங்காவலர்களில் ஒருவரான ஸ்டாம்ஃபோர்டு போதகர் ஜான் டேவன்போர்ட். ஆன் ஈட்டனை விலக்கிவைத்த டேவன்போர்ட்டின் பேரன் அவர்.